லஸ் முனையில் தரைமட்டத்தை யார் கட்டுவது?

மயிலாப்பூர் லஸ் முனையில் தடுப்புத் தகடுகள் எழுந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கச்சேரி சாலையிலிருந்து வருபவரும், ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து வருபவரும், லஸ் சர்ச் சாலைக்குப் போக வேண்டியவரும் தகடுகளுக்கு இடையே விட்ட சந்துகளில் ஒருவரை ஒருவர் ஒதுக்கி நடக்கிறார்கள். கடைக்காரர்கள் வியாபாரம் விழுந்ததைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். இவ்வளவு சிரமத்தையும் ஊர் பொறுத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கீழே ஒரு பெரிய ரயில் சந்திப்பு உருவாகிறது என்ற நம்பிக்கை.

நம்பிக்கைக்கு நியாயம் இருக்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டர் நீளம். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அந்த மூன்றில் இரண்டு, லஸ் முனையின் கீழே அமையும் திருமயிலை நிலையத்தில் சந்திக்கின்றன. மாதவரத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடம் ஒன்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் நான்காவது வழித்தடம் மற்றொன்று. லஸ் பகுதியில் சாலை குறுகல், இருபுறமும் கட்டடங்கள் நெருக்கம். பக்கத்தில் பக்கத்தில் நடைமேடை போட இடமில்லாததால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடிமட்டம் தரையிலிருந்து சுமார் 35 மீட்டர் கீழே. சென்னை மெட்ரோவில் இதைவிட ஆழமான நிலையம் இல்லை.

கூப்பிடு தூரத்தில், பக்கிங்ஹாம் கால்வாயின் மேலே, 1997 அக்டோபர் முதல் பறக்கும் ரயில் நின்று போய்க்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள சாலைகளில் மாநகரப் பேருந்துகள். ஆக, நிலத்தடியில் இரண்டு, வானத்தில் ஒன்று, தரையில் பேருந்து. தென்சென்னையில் இத்தனை வழிகள் ஓரிடத்தில் கூடுவது அரிது.

இந்த நிலையத்தைப் பற்றி வரும் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்: எல்லாமே ஆழத்தைப் பற்றியவை. எத்தனை அடுக்கு, எந்த இயந்திரம் எவ்வளவு தூரம் துளைத்தது, எந்தப் பாறையில் சிக்கியது. பொறியாளர்களின் உழைப்பு போற்றத்தக்கதுதான். ஆனால், ஒரு ரயிலிலிருந்து இறங்கியவர் இன்னொரு ரயிலுக்கோ பேருந்துக்கோ போய்ச் சேர நடக்க வேண்டிய அந்தச் சில நூறு அடி நிலத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. சந்திப்பு நிலையம் வாழ்வதும் சாவதும் அந்தச் சில நூறு அடியில்தான் என்பது இந்த ஊர் முப்பது ஆண்டுகளாகக் கண்ணால் கண்ட உண்மை. கண்டும் அதை யார் பொறுப்பிலும் ஒப்படைக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

பறக்கும் ரயிலின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல், திருமயிலை வரை 1997இல், திருவான்மியூர் வரை 2004இல், வேளச்சேரி வரை 2007இல் என்று அது தவணை தவணையாக வந்தது. நெரிசலான நகரத்தில் தனியார் நிலத்தைக் கையகப்படுத்துவது கடினம். கால்வாயோ அரசு நிலம். எனவே கால்வாயின் மேலேயே தூண்களை நட்டார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த மக்கள் கூலிக்கு மண் சுமந்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய கால்வாய் அது. அதன் படுகையிலேயே கான்கிரீட் கால்கள் இறங்கின. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் அப்போதே எதிர்த்தார்கள், எடுபடவில்லை. ஒவ்வொரு பெருமழையிலும் அந்த முடிவின் விலையைக் கரையோரத் தெருக்கள் இன்றும் கொடுக்கின்றன.

அந்த முடிவுக்கு இன்னொரு விலையும் உண்டு. கால்வாய் எங்கே போனதோ அங்கே ரயில் போனது. ஜனம் கூடும் இடம் எதுவோ அங்கே போகவில்லை. கடைவீதிகளின், பேருந்து நிறுத்தங்களின் முதுகுப்பக்கத்தில் நிலையங்கள் முளைத்தன. ஒவ்வொன்றும் மாபெரும் கட்டடம். வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் மாடி மேல் மாடியாகக் கட்டப்பட்டவை. பெரும்பாலான மாடிகள் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தன. ஆளரவமற்ற கூடங்களில் இருட்டிய பிறகு தனியாக நடக்கப் பெண்கள் அஞ்சினார்கள். அச்சம் ஆளைக் குறைத்தது. ஆள் குறைந்ததால் அச்சம் கூடியது. இவ்வளவு பெரிய கட்டடங்களைக் கட்டியவர்கள், வாசலுக்கு வெளியே ஒரு ஒழுங்கான நடைபாதை போட்டு, பேருந்தை அந்த வாசலுக்குக் கொண்டுவரவில்லை. ரயில்வேயின் வேலை நிலைய வாசலோடு முடிந்தது. மாநகராட்சியின் வேலை வாசலுக்கு அப்பால் தொடங்கவே இல்லை.

திருமயிலை நிலையம் ஆறாண்டுகளுக்கும் மேலாக இந்தப் பாதையின் கடைசி நிலையமாக இருந்தது. அங்கே இன்றும் கூட்டம் உண்டு. காலையில் அங்கே இறங்குகிறவர்களைப் பாருங்கள். பூக்கூடையை இடுப்பில் வைத்து மறுகையால் கைப்பிடியைப் பற்றிப் படி இறங்கும் பெண்கள், மாட வீதிகளில் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், டியூஷன் பையோடு பிள்ளைகள், கபாலீசுவரரைப் பார்க்க வரும் முதியவர்கள். உயரமான கூடத்திலிருந்து படிப்படியாக இறங்கி வெளியே வந்தவுடன் அவர்களை வரவேற்பது வண்டி நிறுத்துமிடமும் ஆட்டோ வரிசையும்தான். அதைத் தாண்டிச் சாலைக்கு வந்தால் நடைபாதை பாதியில் நின்றுவிடும். மீதியில் மின்பெட்டியும் இருசக்கர வாகனங்களும். கூடைக்காரப் பெண் சாலையில் இறங்கி, பின்னால் வரும் பேருந்தின் ஒலிப்பானுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பார். ரயிலில் வந்த நேரத்தைவிட இந்த நடை அவரை அதிகம் களைப்பாக்கும்.

இதே பெண்தான் நாளை 35 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறி வரப்போகிறார். பத்து மாடி உயரம் அது. அடிமட்ட நடைமேடையில் இறங்கி, தரைக்கு வந்து, மறுபடி பறக்கும் ரயிலின் நடைமேடைக்கு ஏற வேண்டுமென்றால் இன்னும் சில மாடிகள். இடையில் ஒரு சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், ஒரு எஸ்கலேட்டர் நின்றுபோயிருந்தால், லிஃப்ட் முன்னால் நீண்ட வரிசை நின்றால், அவர் அடுத்த நாள் முதல் பழைய பேருந்துக்கே திரும்பிவிடுவார். ரயிலை வெறுத்து அல்ல, கால் தாங்காது. எனவே திருமயிலையில் மெட்ரோவின் டிக்கெட் கூடத்திலிருந்து பறக்கும் ரயிலின் கூடத்துக்குச் சாலையில் கால் வைக்காமல் போகும் நேர்வழி வேண்டும். அந்த வழியில் பயணிகள் கூட்டத்துக்குத் தக்க எண்ணிக்கையில் பெரிய லிஃப்டுகள் வேண்டும். கட்டி முடித்த பிறகு இணைக்கலாம் என்று தள்ளிப்போடுவது எப்படி முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் ஐந்து கிலோமீட்டர் வேலை 2008இல் தொடங்கியது. சுமார் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் அது பத்தாண்டுகளுக்கும் மேலாக முடங்கியது. பரங்கிமலையில் மெட்ரோ 2016இலேயே வந்துவிட்டது. புறநகர் ரயில் அதற்கும் முன்பிருந்தே ஓடுகிறது. நடுவில் சேர வேண்டிய ரயில் மட்டும் பல ஆண்டுகள் வரவில்லை. மூன்றும் சேரும் நிலையம் என்று திட்டமிட்ட இடம் அத்தனை ஆண்டுகளும் இரண்டோடு நின்றது.

தியாகராய நகரைப் பார்க்கலாம். இணைப்பு எப்படி அமைய வேண்டும், எங்கே தவறும் என்ற இரண்டையும் அங்கே ஒரே பாலத்தில் காணலாம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், செலவு 28.45 கோடி ரூபாய். ரங்கநாதன் தெரு நெரிசலில் தீபாவளி சமயத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நீந்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ரயிலில் இறங்கியவர் தரையைத் தொடாமல் பேருந்துக்குப் போய்விடலாம். 63,000 கோடி ரூபாய்த் திட்டங்கள் ஓடும் நகரத்தில் 28 கோடியில் இவ்வளவு பயன் தரும் வேலை அரிது. இதைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் நான்காவது வழித்தடத்தின் மெட்ரோ நிலையம் வருவது பனகல் பூங்காவில். மேம்பாலமோ மேட்லி சாலைப் பக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கிவிடுகிறது. தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் மாம்பலம் வந்து, மெட்ரோ பிடித்து வடபழனி போக நினைப்பவர் மீண்டும் உஸ்மான் சாலைக் கூட்டத்தில்தான் இறங்க வேண்டும். பாலத்தைத் திட்டமிட்ட காலத்திலேயே மெட்ரோவின் வரைபடமும் தயாராக இருந்தது. இரண்டு வரைபடங்களையும் ஒரே மேசையில் விரித்து வைக்க ஓர் அமைப்பு இல்லை, அவ்வளவுதான். பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை வளாகம் வந்தது. அதை ஒரு முனையில் பனகல் பூங்கா மெட்ரோ வாசலோடும், அங்கிருந்து மாம்பலம் வரை நிழலோடு கூடிய நடைபாதையோடும் கோத்துவிட்டால் தி.நகரின் முகமே மாறும். இதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை.

அடையாறு பக்கம் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. இதை யாரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. திருமயிலைக்குத் தெற்கே மூன்றாவது வழித்தடத்தில் வரும் மெட்ரோ நிலையங்களின் பெயர்களைப் படியுங்கள்: மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர். பறக்கும் ரயிலிலும் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, இந்திரா நகர், திருவான்மியூர் உண்டு. பெயர் ஒன்று, இடம் வேறு. பறக்கும் ரயில் கால்வாயோரம் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் போகிறது. மெட்ரோ அடையாற்றுக் கடைத்தெருவின் அடியில் வருகிறது. திருவான்மியூரில் இறங்கினேன் என்று கைப்பேசியில் சொல்லும் மகளைத் தேடி அப்பா மற்றொரு திருவான்மியூரில் நிற்பார். புதிதாக ஊருக்கு வருபவர், ஒரே பெயர்தானே, உள்ளேயே மாறிக்கொள்ளலாம் என்று நினைப்பார். வெளியே வந்தால் வெயிலில் நீண்ட நடை. ஒரே பெயரை இரண்டுக்கும் வைப்பதானால் இரண்டுக்கும் இடையே சிறு பேருந்து ஓட வேண்டும், நடைபாதையும் வழிகாட்டிப் பலகையும் இருக்க வேண்டும். அது முடியாதென்றால் பெயரையாவது மாற்றுங்கள். நிலையங்கள் திறக்குமுன் செய்தால் இதற்கு ஆகும் செலவு பெயர்ப் பலகை அளவுதான்.

நடப்பதற்கு அடுத்த இடர் கட்டணம். பறக்கும் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவில் 10 ரூபாய். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகத் தொடங்குகிறது. சந்திப்பு நிலையத்தை மக்கள் பயன்படுத்த வேண்டும் என்று கோடிகளைக் கொட்டிக் கட்டிவிட்டு, மாறுகிறவருக்கு அபராதம் போடுவதற்குச் சமம் இது. சிங்கப்பூரில் 2010 முதல் தொலைவுக் கட்டணம். பேருந்து, ரயில், மறுபடி பேருந்து என்று உரிய நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறினாலும் பயணம் ஒன்றாகவே கணக்கிடப்படும். மொத்தத் தொலைவுக்குத்தான் பணம். மாறுவதற்கென்று தனிச் செலவு இல்லை என்பதால்தான் டோபி காட் போல மூன்று பாதைகள் கூடும் நிலையங்களில் ஜனம் தயங்காமல் மாறுகிறது. அதே சிங்கப்பூர் 2013இல் ஒரு திட்டம் அறிவித்து, ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரை வேய்ந்த நடைபாதைகளை ஐந்தாண்டுகளில் போட்டு முடித்தது. நம் வெயில் அவர்களுடையதைவிடக் குறைந்தது அல்ல.

சென்னையில் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். குறியீட்டில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் டிக்கெட் ஒன்றாகிறதே தவிர கட்டணம் ஒன்றாகவில்லை, கூட்டித்தான் வாங்குகிறார்கள். அடுத்த படி கட்டணத்தை ஒன்றாக்குவது. அதற்கான இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அரசு விடை சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்தை ஏற்று நடத்தும் அரசுக்கு இந்தத் துணிவு புதியதல்ல.

இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கால்வாய்க் கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்த பல குடும்பங்கள் கடந்த கால் நூற்றாண்டில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டன. வீடு போனது, வேலை மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாறிலும்தான் இருந்தது. அவர்கள் விடியுமுன் எழுந்து இரண்டு பேருந்து மாறி இந்தத் தெருக்களுக்கு வருகிறார்கள். மூன்றாவது வழித்தடம் அந்தப் பழைய மாமல்லபுரம் சாலை வழியாகத்தான் வருகிறது. அவர்களுடைய நீண்ட பயண நேரத்தைப் பாதியாக்கும் வல்லமை இந்த ரயிலுக்கு உண்டு. கட்டணம் எட்டாது என்றால், நிலையத்துக்கு வரப் பேருந்து இல்லை என்றால், அந்த வல்லமை அவர்களுக்கு வெறும் வேடிக்கைப் பொருளாகிவிடும்.

பொறுப்பு யாருடையது? திருமயிலையில் மேலே ஓடுவது தெற்கு ரயில்வே. கீழே தோண்டுவது சென்னை மெட்ரோ நிறுவனம். பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது, நடைபாதை மாநகராட்சியுடையது, கால்வாய் நீர்வளத் துறையுடையது, சிக்னலும் வண்டிகளின் போக்கும் போக்குவரத்துக் காவல் துறையிடம். ஒவ்வொருவருக்கும் ஒரு எல்லைக்கோடு. பயணி அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக நடக்கிறவர். அவருக்காகத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது கும்டா, உருவாக்கப்பட்டது. சட்டம் நிறைவேறியது 2010இல். குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022இல். பன்னிரண்டு ஆண்டுகள் அதற்கே போய்விட்டன. இன்றும் அது திட்டம் வகுக்கிறது, ஆலோசனை சொல்கிறது. ஒரு நடைபாதையை உடைத்து அகலப்படுத்து என்று உத்தரவிட்டு, அதற்குப் பணத்தையும் கொடுக்கும் நிலையில் இல்லை.

பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைக்க ரயில்வே வாரியம் 2025இல் கொள்கையளவில் ஒப்புதல் தந்திருக்கிறது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு வந்த நல்ல செய்தி. இணைப்பு முழுமையாக நடந்து முடியக் காலம் பிடிக்கும். ரயில் பெட்டிகள், சிக்னல், ஊழியர்கள் என்று தீர்க்க வேண்டியவை நிறைய. அதுவரை காத்திராமல் திருமயிலை நிலையம் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். நிலையத்தையும் அதைச் சுற்றி அரைக் கிலோமீட்டர் வட்டத்தையும் ஒரே திட்டப் பகுதியாக அறிவித்து, கும்டாவின் கீழ் பெயர் சொல்லி ஓர் அதிகாரியை நியமித்து, மெட்ரோவின் கட்டுமான மதிப்பில் ஒரு சிறு பங்கை இந்த வட்டத்துக்கென்று ஒதுக்க வேண்டும். நூற்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அதில் ஒரு துளி போதும்.

அந்த வட்டத்துக்குள் இருப்பது மயிலாப்பூர் என்பதையும் மறக்கக் கூடாது. பங்குனியில் அறுபத்து மூவர் திருவிழா அன்று லட்சக்கணக்கானோர் மாட வீதிகளில் கூடுகிறார்கள். அன்றைக்குத் தாங்குமா என்று பார்த்துத்தான் நிலைய வாசலின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். சாதாரணச் செவ்வாய்க்கிழமையின் கணக்கு அங்கே செல்லாது. தேர் திரும்பும் தெருக்களில் காற்றுப்போக்கிக் கூண்டுகளும் வாசல் மண்டபங்களும் குறுக்கே நிற்கக் கூடாது. கீரை, பூ, வாழை இலை, நவராத்திரியில் கொலு பொம்மை விற்கிறவர்களால்தான் அந்தத் தெருக்களுக்குக் கூட்டம் வருகிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. வேலை முடிந்து சாலையைச் சீரமைக்கும்போது, ஆக்கிரமிப்பு என்று சொல்லி முதலில் அவர்களைத்தான் அகற்றுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. அவர்களுடைய இடம் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். நிலையத்தின் மேல் வணிக வளாகம் எழுப்பி வருமானம் பார்க்கும் யோசனை வந்தால், பறக்கும் ரயிலின் காலி மாடிகளை ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

தடுப்புகளை எடுக்கும் நாளில் சாலை முழுவதையும் வண்டிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் குறைந்த இடத்தில் வண்டிகள் ஓடப் பழகிவிட்டன. மீளும் அகலத்தில் பாதியை நடப்பவர்களுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் மரத்துக்கும் கொடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. பேருந்து நிறுத்தம் மெட்ரோ வாசலுக்கு எதிரேயே, மழையில் நனையாமல் ஏறும்படி இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கும் ஆட்டோவுக்கும் தனி வளைவு வேண்டும். இல்லாவிட்டால் வாசலையே அடைத்துக்கொள்வார்கள், அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை.

லஸ் முனையின் தரைமட்டம் எப்படி இருக்கப் போகிறது என்ற வரைபடம் எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கத்தான் வேண்டும். அதைத் தமிழில், பெரிய அளவில் அச்சிட்டு, மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு வாரம் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கோயில் திருப்பணியாளர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், கண்ணகி நகரிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் விரல் வைத்துக் காட்டட்டும், இங்கே பள்ளம், இங்கே நெரிசல், இந்த வாசலை இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று. கான்கிரீட் இறுகும் முன் அந்த வாரத்தை ஒதுக்க மெட்ரோ நிறுவனமும் கும்டாவும் மாநகராட்சியும் சேர்ந்து ஒரு தேதி குறிக்க வேண்டும்.